சம்மதித்துப் போனவர்கள்

ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டோர்க்கு வகுப்பறைக்கு வெளியேயும் சில கடமைகள் உண்டு. அவற்றுள் ஒன்று நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தல். பாடசாலையை விட்டு நீங்கிய மாணவன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, தன்னை நன்கறிந்த ஆசிரியரிடம் வந்து, "சேர், ஒரு கடிதம் வேணும்" என்று தயங்கி நிற்பான். நாமும் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுப்போம். இத்தனை ஆண்டுகளில் எத்தனை கடிதங்கள் எழுதியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: நேர்மையானவர், நேரந் தவறாதவர், பெரியோரை மதிப்பவர், இட்ட பணியை மறுப்பின்றிச் செய்து முடிப்பவர். இந்நான்கு தொடர்களையும் கையொப்பம் இடும் வேகத்திலேயே எழுதிப் பழகிவிட்டோம்.

2023ஆம் ஆண்டில் அவ்வாறு ஒரு கடிதம் எழுதினோம். அதைப் பெற வந்தவர் எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற இளைஞர். தந்தையை இழந்தவர், தங்கை ஒருத்தி உண்டு. கணினிப் பயிற்சி நெறி ஒன்றை முடித்துவிட்டு ஈராண்டாக வேலை தேடிக்கொண்டிருந்தார். தாய்லாந்தில் ஒரு கம்பனியிற் கணினி வேலை கிடைத்திருப்பதாகவும், மாதச் சம்பளம் ஆயிரம் டொலர் என்றும் கூறினார். முதலில் உல்லாசப் பயணி விசாவிற் போக வேண்டும், வேலை விசாவைக் கம்பனி பின்னர் எடுத்துத் தரும் என்று முகவர் சொன்னாராம். அம்முகவர் அயற்கிராமத்தவர், இளைஞரின் தாயாருக்குத் தூரத்து உறவுமுறை. எமக்கு அப்பொழுது எவ்வித ஐயமும் எழவில்லை. நல்ல ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, வாழ்த்தி, திருநீறும் பூசி அனுப்பினோம்.

அடுத்த ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் அவருடைய தாயார் எமது வீட்டு வாயிலில் வந்து நின்றார். "மாஸ்டர், பொடியன் வந்திட்டான். ஆனா வந்தது போலை இல்லை. ஆரோடையும் கதைக்கிறானில்லை. நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். கழுத்தில் ஒரு மணிச்சரடுகூட இல்லை. நகை யாவும் அடைவு கடையில் இருந்தன. வீட்டுக் காணியின் உறுதியும் ஈட்டில் இருந்தது.

அன்று அவ்விளைஞர் எம்மிடம் சொன்னவற்றை இங்குச் சுருக்கியே எழுதுகின்றோம். பாங்கொக் விமான நிலையத்தில் ஒரு வாகனம் காத்திருந்தது. அலுவலகம் நகரிலேயே இருக்கும் என்று எண்ணியிருந்தவரை ஏற்றிக்கொண்டு அது பல மணி நேரம் மேற்குத் திசையில் ஓடியது. மேசொட் என்னும் எல்லைப்புற ஊரை அடைந்தபின், இருளில் மோய் ஆற்றைப் படகிற் கடக்கச் செய்தார்கள். அக்கரையில் இருந்தது மியன்மார் நாட்டின் மியாவாடிப் பகுதி. உயர்ந்த மதில், துப்பாக்கி ஏந்திய காவலர், உள்ளே அடுக்குமாடிகள். கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் அவருக்கு இடப்பட்ட பணி, தொலைபேசியிலும் கணினியிலும் ஒரு பெண்ணைப்போல் வேடமிட்டு, கடல் கடந்த நாடுகளில் உள்ள முன்பின் அறியாதவர்களுடன் நட்புப் பூண்டு, அவர்களின் சேமிப்பை ஒரு போலி முதலீட்டிற் போடச் செய்வதாகும். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வேலை. குறித்த இலக்கை எட்டாதவனுக்கு அடி, மறுத்தவனுக்கு இருட்டறை. வெளியேற விரும்பினால் ஆயிரக்கணக்கான டொலர் கட்ட வேண்டும். "உன்னை நாங்கள் விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம்" என்று ஒரு மேற்பார்வையாளன் அவரிடம் சொன்னானாம். விலை என்ன என்பதையும் சொன்னானாம். ஏழு மாதத்தின் பின், மீட்கப்பட்ட வேறு சிலருடன் அவரும் ஆற்றைத் திரும்பக் கடந்து, தாய்லாந்து வழியாக வீடு வந்து சேர்ந்தார்.

இஃது ஒருவரின் தனிக்கதை அன்று. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இத்தகைய மோசடி நிலையங்களில் வற்புறுத்தலின் கீழ் வைக்கப்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டது. அவர்களுட் பலர் படித்த இளைஞர். ஆங்கிலமும் கணினியும் அறிந்தவர். அறியாமையும் எழுத்தறிவின்மையுமே மனிதரை விற்பனைப் பொருளாக்கும் என்று நாம் வகுப்பிற் சொல்லி வந்தது எவ்வளவு தவறு!

"பொலிசில் முறைப்பாடு செய்தீரா?" என்று கேட்டோம். இளைஞர் தலையை அசைத்தார்.

"நான் விரும்பித்தானே போனனான், சேர். ஆரும் என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போகேல்லை. சைன் வைச்சுக் காசும் குடுத்துத்தான் போனனான். நான் என்னெண்டு போய்ச் சொல்லுறது?"

சிறிது நேரங் கழித்து, தாயார் தேநீர் எடுக்க உள்ளே போனபின், தாழ்ந்த குரலிற் சொன்னார்: "அங்கை நான் ஆக்களை ஏமாத்தினனான். ஒரு வயசுபோன அம்மா தன்ரை காசு முழுக்க அனுப்பினவ. அவவின்ரை பேர் இப்பவும் எனக்கு ஞாபகம். பொலிசுக்குப் போனால் என்னைத்தானே பிடிப்பினம்?"

இவ்விரு வினாக்களுக்கும் அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. பட்டதாரி என்றும் ஆசிரியர் என்றும் ஊரில் மதிக்கப்படும் நாம், எமது நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் என்ன சொல்கிறது என்பதை அறியாதிருந்தோம். வெட்கத்துடன் வீடு திரும்பினோம்.

பின்வந்த நாள்களிற் சட்டம் அறிந்த ஒருவரின் துணையோடு நாம் தேடிக் கற்றவற்றை வாசகர்களுக்குச் சொல்லுதல் பயனுடைத்து என்று கருதுகின்றோம்.

மனித வியாபாரத்தைத் தடுப்பதற்கான சர்வதேச உடன்பாடு ஒன்றை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2000 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் இத்தாலியின் பலேர்மோ நகரிற் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டமையால் அது பலேர்மோ நெறிமுறை என வழங்கப்படுகின்றது. இலங்கை அம்மாதமே அதிற் கையொப்பமிட்டு, 2015 இல் உறுதிப்படுத்தியது. அதற்கு முன்னரே, 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் எமது தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவைப் புதிதாக வகுத்திருந்தது. ஒருவரைச் சேர்த்தல், கொண்டு செல்லுதல், கைமாற்றுதல், ஒளித்து வைத்தல், பொறுப்பேற்றல் ஆகிய செயல்களுள் எதனையும், அச்சுறுத்தியோ, பலாத்காரத்தாலோ, வஞ்சனையாலோ, ஆசை காட்டியோ, அவரின் இயலாமையைப் பயன்படுத்தியோ, கட்டாய உழைப்பு, அடிமைத்தனம் முதலிய நோக்கங்களுக்காகச் செய்தால் அது மனித வியாபாரம் எனும் குற்றமாகும். தண்டனை 2 ஆண்டுக்குக் குறையாததும் 20 ஆண்டுக்கு மேற்படாததுமான சிறை, அபராதமும் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவர் சிறுபிள்ளையாயின் சிறைக்காலம் 3 ஆண்டுக்குக் குறையலாகாது.

இவ்வரைவிலக்கணத்தில் மூன்று கூறுகள் உள்ளன: செயல், வழி, நோக்கம். இளைஞரின் முதல் வினாவுக்கு விடை இரண்டாவது கூறில் இருக்கின்றது. வழி வஞ்சனையாக இருந்தால், வஞ்சிக்கப்பட்டவர் முன்னர் தலையசைத்தார் என்பது குற்றவாளிக்குக் கேடயம் ஆகாது. பலேர்மோ நெறிமுறை இதனை வெளிப்படையாகவே கூறுகின்றது: அத்தகைய வழிகள் கையாளப்பட்டிருப்பின் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கருத்திற்கொள்ளப்படலாகாது. அவர் சம்மதித்தது ஆயிரம் டொலர்ச் சம்பளத்துக்கும் ஓர் அலுவலக மேசைக்கும். மதிலுக்கும் துப்பாக்கிக்கும் இருட்டறைக்கும் அன்று. பொய்யைக் காட்டிப் பெற்ற சம்மதம், கள்ள உறுதி முடித்துப் பெற்ற காணியைப் போன்றது. கையொப்பம் உண்மை, உரிமை பொய்.

இதனைக் கிரேக்க நாட்டிற் பண்ணைக் கூலிகளாக இருந்த வங்காளதேசத் தொழிலாளர் சிலர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்று நிலைநாட்டினார்கள். மனோலதா என்னும் ஊரில் ஸ்ட்ரோபெரித் தோட்டங்களில் ஏழு மணி நேர வேலைக்கு 22 யூரோ தருவதாகச் சொல்லி அவர்களைச் சேர்த்தார்கள். மாதக் கணக்கிற் சம்பளம் கிடைக்கவில்லை. 2013 ஏப்பிரல் 17ஆம் நாள் சம்பளம் கேட்டுத் திரண்டவர்கள்மீது காவலர் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர், பலர் காயமுற்றனர். கிரேக்க நீதிமன்றம், அவர்கள் விரும்பினால் வெளியே போகக்கூடியவர்களாக இருந்தார்கள் என்று கூறி, எதிரிகளை மனித வியாபாரக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை செய்தது. 42 தொழிலாளர் மேலே முறையிட்டனர். 2017 மார்ச் 30ஆம் நாள் அளித்த தீர்ப்பில் ஐரோப்பிய நீதிமன்றம், பூட்டிய கதவு மட்டுமே அடிமைத்தனத்தின் அடையாளம் அன்று. தொழிலாளியின் இயலாமையை எசமானன் பயன்படுத்தும்போது, முன்னர் கொடுத்த சம்மதம் மட்டும் அவ்வுழைப்பைச் சுயவிருப்ப உழைப்பாக்காது என்று கூறி, கிரேக்க அரசு அவர்களுக்கு நட்டஈடு செலுத்தல் வேண்டும் எனப் பணித்தது.

இனி இரண்டாவது வினா. வற்புறுத்தப்பட்டுக் குற்றம் செய்தவனைச் சட்டம் எவ்வாறு நோக்கும்?

இங்கே நாம் வாசகர்க்கு எளிய விடை ஒன்றைச் சொல்லிவிட முடியாது. எமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. உடனே உயிர் போகும் என்ற நியாயமான அச்சத்தாற் கட்டாயப்படுத்தப்பட்டுச் செய்த செயலைப் பெரும்பாலும் குற்றமாகக் கொள்வதில்லை என்ற விதி அதில் உண்டு. ஆயினும் அவ்வாசல் ஒடுங்கியது. ஆதலின் இக்காலத்துச் சட்ட அறிஞர் வேறொரு நெறியை வலியுறுத்துகின்றனர். வியாபாரப் பொருளாக்கப்பட்டவன் அந்நிலையில் இருந்தமையாலேயே செய்ய நேர்ந்த குற்றத்துக்காக அவனைத் தண்டித்தல் தகாது என்பதே அந்நெறி. பிரித்தானியாவிற் கஞ்சாத் தோட்ட வீடுகளில் 2009 இல் அகப்பட்ட வியட்நாமியச் சிறுவர் இருவர், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையும் பெற்றனர். அவர்கள் அங்கு வந்த விதத்தை எவரும் முறையாக ஆராயவில்லை. 2021 பெப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், வழக்குத் தொடருமுன் அவர்கள் மனித வியாபாரத்துக்கு உட்பட்டவர்களா எனத் தகுதியுடையோர் ஆராய்ந்திருத்தல் வேண்டும் என்றும், அவ்வாறு செய்யாமை அவர்களின் உரிமையை மீறியது என்றும் தீர்த்தது. ஆகவே, உண்மையை மறைப்பவனுக்கு அன்று, உண்மை முழுவதையும் உரிய வேளையில், உரிய முறையில், சட்டத்தரணியின் துணையோடு சொல்பவனுக்கே இந்நெறி துணை நிற்கும்.

சட்டம் முதலிற் பாதிக்கப்பட்டவரையே பிடிக்கும் என்ற இளைஞரின் அச்சம் அடிப்படையற்றது என்று நாம் சொல்லத் துணியோம். ஆபிரிக்காவின் நைஜர் நாட்டில் ஹதிஜாத்து மானி என்னும் பெண், 12 வயதில், 1996ஆம் ஆண்டில், 240,000 பிராங்குக்கு விற்கப்பட்டாள். அடிமை முறை 2003 இல் அந்நாட்டிற் குற்றமாக்கப்பட்டது. 2005 இல் எசமானன் அவளுக்கு விடுதலைப் பத்திரம் கொடுத்தான். அவள் வெளியேறித் தன் விருப்பப்படி மணம் புரிந்தபோது, "இவள் என் மனைவி" என்று அவன் வழக்காடினான். நீதிமன்றமோ இருவரை மணந்த குற்றத்துக்காக அவளைச் சிறையில் இட்டது! விற்கப்பட்டவள் சிறையிலும் வாங்கியவன் வெளியிலும் இருந்த கொடுமையைக் கண்டு அவள் ஓய்ந்துவிடவில்லை. உதவ முன்வந்தோரின் துணையோடு மேற்கு ஆபிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றத்தை நாடினாள். 2008 அக்டோபர் 27ஆம் நாள் அந்நீதிமன்றம், அவளை அடிமைத்தனத்திலிருந்து காக்கத் தவறியது நைஜர் அரசின் குற்றம் எனக் கண்டு, 10,000,000 பிராங்கு நட்டஈடு கொடுக்கப் பணித்தது. எழுத்தறியாத அப்பெண் ஓர் அரசாங்கத்தையே நீதியின்முன் நிறுத்தினாள்.

தொலைநாட்டுக் கதை என்று இதனைத் தள்ளிவிடவும் எமக்கு உரிமையில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், எழுத்தில் தொகுக்கப்பட்ட எமது தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றிருந்தன. காணியையும் சீதனத்தையும் பற்றிப் பேசிய அதே சட்டம், மனிதரையும் உடைமையாகக் கொண்டு பேசியது. இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844 இலேயாம். அதன் பின்னரும், தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் கடனாளிகளாகவே வந்து இறங்கினர். வழிச்செலவும் முற்பணமும் அவர்கள் தலையில் ஏறின. 'துண்டு' என்னும் சிறு காகிதம் ஒன்று, இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தொழிலாளரை விடுவிக்கச் சம்மதம் என்று கூறும். கடன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாறும்; கடனோடு மனிதரும் மாறுவர். அம்முறை 1921 இற் சட்டத்தால் நீக்கப்பட்டது. "உன்னை விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம்" என்று மியாவாடியில் ஒருவன் சொன்ன சொல், எமது பாட்டன்மார் காலத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டிருந்த சொல்லே. சட்டம் அக்காகிதத்துக்கு உயிர் கொடுத்ததும் உண்டு. அதனைக் கிழித்ததும் உண்டு. எவர் கையில் அது இருக்கின்றது, எவர் அதனைத் துணிந்து பற்றுகின்றார் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகின்றது.

இவற்றையெல்லாம் கற்ற பின்னரும் நாம் உடனே செயற்பட்டோமா? இல்லை. அதனை ஒப்புக்கொள்ளாவிடின் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். சட்டத்தரணி எம்மிடம் சொன்னார்: "அந்த முகவர், வேலை மெய்யானது என்று குடும்பத்தை நம்ப வைக்க உங்கள் நற்சாட்சிப் பத்திரத்தையும் கேட்டு வாங்கியிருக்கிறார். ஆகவே நீங்களும் வாக்குமூலம் கொடுக்க வேண்டி வரலாம்." அவ்வளவிலே எமது ஊக்கம் தளர்ந்தது. பொலிஸ் நிலையத்து வாங்கில் அமர்ந்திருப்பதைப் பெற்றோர் கண்டால் என்ன நினைப்பர்? முகவரின் உறவினர் பிள்ளைகளும் எமது பாடசாலையிற் படிக்கின்றார்கள் அல்லவா? "உங்களுக்கேன் இந்த வில்லங்கம்?" என்று நண்பர் ஒருவரும் சொன்னார். இரண்டு கிழமை எதுவும் செய்யாது கழித்தோம்.

அந்நாள்களில் எமது கோயிலடியில் அரிச்சந்திரன் கூத்து நடந்தது. சந்திரமதியையும் லோகிதாசனையும் விற்கும் கட்டம் வந்தபோது சபையில் அழாதவர் இல்லை. எமது கண்களிலும் நீர் வந்தது. அப்பொழுது பின்வரிசையில் அந்தத் தாயார் அமர்ந்திருப்பதைக் கண்டோம். அவர் அழவில்லை. மேடையைப் பார்த்தவாறு அசையாதிருந்தார். அரங்கில் விற்கப்பட்ட லோகிதாசனுக்காக விம்மிய ஊர், நாட்டில் விற்கப்பட்டு மீண்ட இவர் மகனைப் பார்த்து, "பேராசைப்பட்டவன் பட்டுத் தெளிந்து வந்திருக்கிறான்" என்றல்லவா பேசியது! மறுநாட் காலை நாம் சட்டத்தரணிக்குத் தொலைபேசியில் அழைப்பு எடுத்தோம்.

முறைப்பாடு செய்யச் சென்ற இடத்தில் முதலில் நிகழ்ந்தது எமக்கு ஒரு பாடமாயிற்று. அங்கிருந்த உத்தியோகத்தர் அன்பாகவே கேட்டார். ஆயினும் வெளிநாட்டு வேலைக்கெனப் பணம் வாங்கி ஏமாற்றிய விடயமாகவே அதனை எழுத முற்பட்டார். 12 இலட்சம் ரூபா கொடுத்தார், சொன்ன வேலை கிடைக்கவில்லை, பணம் திரும்ப வேண்டும் என்ற அளவில் கதை முடிந்துவிடும் போலிருந்தது. சட்டத்தரணி இடைமறித்து இளைஞரிடம் சில கேள்விகள் கேட்டார்: "கடவுச்சீட்டை எவர் வாங்கினார்? வாயிலில் எவர் நின்றார்? வேலை செய்யமாட்டேன் என்றபோது என்ன நடந்தது? உம்மை எவர் எவருக்குக் கையளித்தார்?" ஒவ்வொரு விடையும் எழுதப்பட எழுதப்பட, பண மோசடி என்று தோன்றியது மனித வியாபாரமாக உருமாறியது. நிகழ்ச்சி ஒன்றே. ஆனாற் கேட்கப்படாத கேள்விக்கு விடை ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டில் ஏறாத உண்மைக்கு நீதிமன்றத்தில் உயிர் இல்லை.

அன்று இளைஞரிடம் இருந்த சிறு பொருள்கள் பெருந்துணை செய்தன. முகவரோடு பரிமாறிய தொலைபேசிச் செய்திகள், தாயார் பணம் வைப்பிலிட்ட வங்கிச் சிட்டை, விமானச் சீட்டு, ஆற்றங்கரையில் இரகசியமாக எடுத்த ஒரு படம், நாடு திரும்பியபின் வைத்தியசாலையிற் பெற்ற சிகிச்சைத் துண்டு. அவமானம் என்று எண்ணி இவற்றையெல்லாம் எரித்துவிடத் தாயார் ஒருமுறை முயன்றாராம். தங்கை தடுத்திருக்கின்றாள்.

பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கும் சட்டம் ஒன்று எமது நாட்டில் 2015 இல் இயற்றப்பட்டது; அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இப்பொழுது உள்ளது. கண்ணியமாக நடத்தப்படவும், அச்சுறுத்தலிலிருந்து காக்கப்படவும், வழக்கின் போக்கை அறியவும், உதவி பெறவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். இதற்கெனத் தேசிய அதிகாரசபை ஒன்றும் உண்டு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவு, குற்றவாளியாகக் காணப்பட்டவன் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்துமாறு பணிக்க நீதிமன்றுக்கு அதிகாரம் அளிக்கின்றது. சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க இயலாதோர்க்கு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் மனித வியாபாரத்தை ஆராய்வதற்கெனத் தனிப்பிரிவும் உண்டு. இத்தனையும் ஏட்டில் உள்ளன. இவற்றைக் கேட்டுப் பெறுவதற்கு ஒருவர் துணையாக உடன் செல்லல் வேண்டும். கதவைத் தட்டக் கை நடுங்குபவனுக்கு அருகில் நிற்பதே அயலாரின் கடமை என்று இப்பொழுது உணர்கின்றோம்.

நாமும் வாக்குமூலம் கொடுத்தோம். அரை மணி நேரமே ஆயிற்று. அஞ்சியது எதுவும் நிகழவில்லை. சில பெற்றோர் சில நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. வேறு சிலர் தத்தம் பிள்ளைகளுக்கு வந்திருந்த வேலைக் கடிதங்களை எடுத்து வந்து, "மாஸ்டர், இது உண்மையோ எண்டு பாருங்கோ" என்று கேட்கத் தொடங்கினர்.

அவ்வாறு கேட்போர்க்கு நாம் சொல்வது இதுதான். முகவரிடம் உரிமப் பத்திரம் உண்டா என வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்து அறிக. உறவுமுறை உரிமம் ஆகாது. உல்லாசப் பயணி விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவனின் வாசலை அன்றே விட்டு நீங்குக. ஒப்பந்தத்தைப் புறப்படுமுன் படித்து, விளங்காத மொழியில் இருந்தால் விளங்கியவரைக் கொண்டு படிப்பித்து, ஒரு பிரதியை வீட்டில் வைக்க. கடவுச்சீட்டின் பிரதியும் போகும் இடத்தின் முகவரியும் தாய் கையில் இருத்தல் வேண்டும். செலவைப் பிறகு சம்பளத்திற் கழிக்கலாம் என்ற சொல்லைக் கேட்டால், பழைய துண்டுக் காகிதத்தை நினைவு கொள்க. இவையெல்லாம் தவறி, ஒரு பிள்ளை அகப்பட்டு மீண்டு வந்தால், "ஏன் போனாய்?" என்பது முதற் கேள்வியாக இருத்தல் ஆகாது. "சாப்பிட்டாயா?" என்பதே முதற் கேள்வி. அடுத்தது, "உன்னை எவர் அனுப்பினார்?" என்பது.

வழக்கு இன்னும் முடியவில்லை. அடைவு வைத்த நகை மீளவில்லை. நீதிமன்றத் தவணைகள் நீள்கின்றன; ஒவ்வொரு தவணைக்கும் தாயும் மகனும் காலையிற் சென்று மாலையில் திரும்புகின்றனர். பயன் என்ன என்று எம்மைக் கேட்போர் உண்டு. நாம் கண்டதைச் சொல்கின்றோம். முதல் முறை பொலிஸ் நிலையத்துக்குச் சென்றபோது அவ்விளைஞர் நிலத்தை நோக்கியே நடந்தார். தமக்குச் செய்யப்பட்டதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு, அப்பெயர் தமது பெயர் அன்று, அனுப்பியவனின் குற்றத்தின் பெயர் என்று அறிந்த பின்னர், அவர் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார். தாம் பெயர் மறவாத அந்த முதிய அம்மையாரைப் பற்றியும் அவர் வாக்குமூலத்தில் மறைக்காமற் சொன்னார். அதைச் சொல்லுமாறு எவரும் அவரை வற்புறுத்தவில்லை.

சென்ற மாதம் அவர் மீண்டும் எம்மிடம் வந்தார். பட்டணத்தில் ஒரு கணினித் திருத்தகத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கிறாராம். "சேர், ஒரு கடிதம் வேணும்" என்றார். கடைக்காரரை எமக்குத் தெரியும். எனினும் கடையின் பெயர், சம்பளம், வேலை நேரம் எல்லாவற்றையும் கேட்டே பேனாவை எடுத்தோம். நேர்மையானவர், நேரந் தவறாதவர், பெரியோரை மதிப்பவர் என்று எழுதினோம். பழக்கத்தாற் பேனா நான்காவது தொடருக்கு ஓடியது. 'இட்ட பணியை' என்பது வரை எழுதிவிட்டு நிறுத்தினோம். அத்தாளைக் கிழித்துப் போட்டு, வேறொரு தாளில் முதல் மூன்றை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.